மாடு துணி மெல்லுதா? பாஸ்பரஸ பாருங்க
கன்னு போட்டு மூணு மாசமாகியும் மாடு பருவத்துக்கு வரல, கொடில காயுற துணிய மெல்லுது, செவுத்த நக்குதுன்னு போட்டிருக்கீங்க, பெரும்பாலும் இது பாஸ்பரஸ் பத்தாததுதான் ப்ரோ, வெறும் வைக்கோல்ல அது ரொம்ப கம்மி, கறக்குற பால்ல வேற தினமும் வெளிய போயிட்டே இருக்கும். கால்சியம் டானிக் மட்டும் ஊத்துறது வேஸ்ட். மொதல்ல குடற்புழு மருந்து குடுங்க, வயித்துல புழு இருந்தாலும் இப்படி கண்டதையும் மெல்லும். அப்புறம் தாது உப்புக் கலவை தினம் 50 கிராம், கூட கொஞ்சம் உப்பு, தவுட்டுல கலந்து வைங்க, தவுட்டுலயே பாஸ்பரஸ் நெறைய இருக்கு, நமக்கு அது சரியா சேராது ஆனா மாட்டு வயித்துல இருக்குற நுண்ணுயிருங்க அத பிரிச்சு குடுத்துரும். எலும்பு எதுவும் கிடந்தா உடனே அப்புறப்படுத்துங்க, அதக் கடிச்சு பொட்டுலிசம்ங்கிற நச்சு நோய் வந்தா மாடு பிழைக்கிறது கஷ்டம். பருவத்துக்கு வராததுக்கு வேற காரணமும் இருக்கலாம், டாக்டர கூப்பிட்டு கர்ப்பப்பைய ஒருதடவ செக் பண்ணிருங்க.