கருகிய டிபன் பாக்ஸ்

ஹிரோஷிமாவில் குண்டு போட்டதால்தான் போர் முடிந்தது, இல்லையென்றால் இன்னும் லட்சக்கணக்கில் செத்திருப்பார்கள் என்கிறான் கல்லூரியில் படிக்கும் என் மகன். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– வாசகி, கோவில்பட்டி

தம்பி சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 1945 நவம்பரில் கியூஷு தீவில் படை இறக்க அமெரிக்கா திட்டம் போட்டிருந்தது. ஆனால் ஆகஸ்ட் 8 அன்று சோவியத் யூனியனும் ஜப்பான்மீது போர் அறிவித்ததை அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். ஜப்பான் பணிந்தது எதனால் என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியம், குண்டு விழுந்தபோது கீழே இருந்தது யார் என்பது.

ராணுவத்தினர்தான் இலக்கு, பெண்களும் குழந்தைகளும் அல்ல என்று ஜூலை 25 அன்று நாட்குறிப்பில் எழுதினார் அமெரிக்க அதிபர் ட்ரூமன். ஹிரோஷிமாவில் படைத் தலைமையகம் இருந்தது உண்மை. ஆனால் குறி வைத்தது ஊருக்கு நடுவே இருந்த அயோய் பாலத்தை. குண்டு சற்று விலகி, ஓர் ஆஸ்பத்திரிக்கு மேலே வெடித்தது.

குண்டு விழுந்த அன்று திங்கட்கிழமை, காலை 8.15. விமானத் தாக்குதலில் தீ பரவாமலிருக்க வீடுகளை இடிக்கும் வேலைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். அனுப்பியது ஜப்பான் அரசு. அந்தப் பழி அதற்கு. அவர்களில் ஆறாயிரம் பேர் அளவில் இறந்தார்கள். அப்படி ஒரு பையனின் டிபன் பாக்ஸ் அங்குள்ள அமைதி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளே இருந்த சாப்பாடு கரியாகிவிட்டது. மகனின் உடலை அந்த டப்பாவோடுதான் கண்டெடுத்தார் தாய்.

ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் மட்டும் இறந்தவர்கள் சுமார் 1,40,000. தப்பியவர்களைப் பரிசோதிக்க அமெரிக்கா ஒரு மருத்துவ ஆணையம் வைத்தது. ரத்தம் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள், வைத்தியம் மட்டும் பார்க்கவில்லை! ஜப்பானே அவர்களுக்கென மருத்துவ உதவிச் சட்டம் கொண்டுவந்தது 1957-ல்தான். இந்தப் பன்னிரண்டு வருடத்தைத் தம்பி தன் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவார்?

நாகசாகி என்ன பாவம் செய்தது?
– வாசகர், கும்பகோணம்

ஒன்றும் இல்லை. ஆகஸ்ட் 9 அன்று விமானம் கிளம்பியது கொக்குரா என்ற ஊருக்கு. அங்கே மேகமும் புகையும் மூடியிருந்ததால் மூன்று முறை முயன்றும் இலக்கு தெரியவில்லை. நாகசாகிக்குத் திருப்பினார்கள். 11.02-க்கு வெடித்தது.

அணுகுண்டை எதிர்த்து நம்மவர் யாராவது பேசியிருக்கிறார்களா?
– வாசகர், ஓசூர்

ராஜாஜி. 1962-ல், 83 வயதில் அமெரிக்கா போய்க் கென்னடியை நேரில் பார்த்து, அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொன்னார். மறு வருடமே சோதனைத் தடை ஒப்பந்தம் வந்தது. இவரால்தான் வந்தது என்று மார்தட்ட மாட்டேன். அந்த ஒப்பந்தம் காற்றிலும் கடலிலும் விண்வெளியிலும் வெடிப்பதைத்தான் தடுத்தது, பூமிக்கு அடியில் வெடிப்பதை விட்டுவிட்டது. 1974-ல் பொக்ரானில் நாம் வெடித்ததும் பூமிக்கு அடியில்தான்.