ஷேடோலெஸ் சாரிசார்டுக்கு 40,000 ரூபாய் தரலாமா?

வணக்கம். 1999 போக்கிமான் பேஸ் செட் என்ற விளையாட்டு அட்டைத் தொகுப்பின் சாரிசார்டு அட்டையை ‘ஷேடோலெஸ்’ (ஓவியச் சட்டத்தில் நிழல் இல்லாத ஆரம்ப அச்சு) என்று சொல்லி ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார், முன்பக்கப் படம் மட்டும்தான் அனுப்பினார் என்று எழுதியிருந்தீர்கள். இன்னும் பணம் அனுப்பவில்லைதானே? நல்லது.

முதலில் அது ஷேடோலெஸ்தானா என்று பாருங்கள். ஓவியச் சட்டத்தின் வலப்பக்கமும் அடியிலும் நிழல் விழுந்திருந்தால் அது அன்லிமிடெட் என்கிற பிந்தைய, பரவலான அச்சு. விலை வெகுவாக இறங்கிவிடும். அடியிலுள்ள காப்புரிமை வரியையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஷேடோலெஸ்ஸில் நின்டென்டோ பெயருக்கு முன் 1995, 96, 98, 99 என்று இருக்கும். அன்லிமிடெட்டில் அந்த 99 கிடையாது. படத்தில் நிழலை அழிக்கத் தெரிந்தவர்கள்கூட இந்த இடத்தில் கோட்டைவிடுவதுண்டு.

அப்புறம் பின்பக்கம், நான்கு முனைகள், பக்கவாட்டு விளிம்பு எல்லாவற்றுக்கும் படம் கேளுங்கள். அசல் அட்டையின் விளிம்பில் நடுவே மெல்லிய கருங்கோடு ஓடும். நான் ஒருமுறை விளிம்பைக் கேட்காமலேயே வாங்கி, கோடில்லாத வெள்ளை விளிம்புப் போலி அட்டையோடு உட்கார்ந்திருக்கிறேன்.

அட்டைகளைச் சோதித்து 1 முதல் 10 வரை தரமிடும் பிஎஸ்ஏ நிறுவனத்தின் பெட்டிக்குள் இருந்தால், அதிலுள்ள சான்றிதழ் எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அசல் எண்ணைப் போலிப் பெட்டியில் ஒட்டுகிறவர்களும் உண்டு.

விலைக்கு, ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் பாருங்கள். கேட்கிற விலையை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதிலும் தரம் 9 பெற்றதன் விலையைத் தரமிடாத அட்டைக்கு வைக்காதீர்கள். விளிம்புப் படம் தர மறுத்தால், சரி, விட்டுவிடுங்கள்.