‘பழைய வண்டின்னா அப்படித்தாண்ணே இருக்கும்’: வாசகர் கேள்விகள்

கேள்வி: மதுரை பைபாஸ் ரோட்டில் ஒரு கார் கன்சல்டிங்கில் 2016 மாடல் டீசல் கார் ஒன்றை 3 லட்சத்து 85 ஆயிரம் கொடுத்து வாங்கினேன். சிங்கிள் ஓனர், 62,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, இன்ஜின் சூப்பர் கண்டிஷன் என்றார்கள். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போய் ஓட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன். மூன்றாவது வாரம் குடும்பத்தோடு கொடைக்கானல் கிளம்பினோம், காட்ரோடு தாண்டி மலை ஏறுகிற இடத்தில் இன்ஜின் சூடாகி வண்டி நின்றுவிட்டது. ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவே இருக்கும் அடைப்பு) போய்விட்டதாம், 45 ஆயிரம் ஆகும் என்கிறார்கள். இதற்கிடையில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விசாரித்தால், 2022-லேயே இந்த வண்டி 1,38,000 கிலோமீட்டர் ஓடியதாகப் பதிவு இருக்கிறது! கடைக்காரரிடம் போய் நின்றால், “பழைய வண்டின்னா அப்படித்தாண்ணே இருக்கும், நீங்கதான மெக்கானிக்கக் கூட்டியாந்து பாத்தீங்க, டெலிவரி நோட்டுல கையெழுத்தும் போட்டுருக்கீங்க” என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஹெட் கேஸ்கெட்டை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு போனால், கடைக்காரர் பேச்சிலும் பாதி நியாயம் இருக்கிறது என்றுதான் சொல்வேன். இத்தனை வருஷம் ஓடிய டீசல் இன்ஜினில் அது போகக்கூடியதுதான், மூன்று வாரம் கழித்துப் போனது என்பதால் மட்டும் விற்ற அன்றே போயிருந்தது என்று ஆகிவிடாது. விற்கும்போதே கோளாறு இருந்தது, அதை மறைத்தார்கள் என்று காட்ட ஏதாவது வேண்டும். இன்ஜினைப் பிரிக்கும்போது மெக்கானிக்கை ரேடியேட்டரையும் நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். லீக் அடைக்கிற மருந்தை ஊற்றி நாலு நாளைக்குத் தாங்கும்படி தயார் பண்ணி விற்பது இந்தத் தொழிலில் பழைய வித்தை, ஊற்றியிருந்தால் அதன் கசடு ரேடியேட்டர் குழாய்களில் படிந்து கிடக்கும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர் நுரை மாதிரி வெளுத்து ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம், அதையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

கிலோமீட்டர் கதை வேறு. அங்கே உங்கள் கை ஓங்கி இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘குறைபாடு’ என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தைப் பார்த்தால், சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டிய தரம் இல்லாவிட்டால் மட்டும் குறைபாடு அல்ல, வியாபாரி எந்த விதத்திலாவது ‘இருக்கிறது’ என்று சொன்ன தரம் இல்லாவிட்டாலும் குறைபாடுதான். புதுப் பொருளுக்கு மட்டும்தான் இது என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. பழைய காரை யாரும் புதுக் கார் மாதிரி இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை, சொன்ன மாதிரி இருந்தால் போதும். 62,000 ஓடிய வண்டி என்று சொல்லி 1,38,000-க்கும் மேல் ஓடியதைக் கொடுத்தால் அது சொன்ன வண்டி இல்லை, அதோடு பொய்யான விவரம் சொல்லி விற்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்ற தனிக் குற்றச்சாட்டாகவும் வரும்.

“மீட்டரைத் திருப்பினது முன்னாடி வச்சிருந்தவரா இருக்கும், எனக்குத் தெரியாது” என்று அடுத்து சொல்வார், பாருங்கள். சொல்லட்டும். உங்களிடம் 62,000 என்று சொல்லிக் காசு வாங்கியது அவர்தானே, பழைய ஓனரோடு அவர் தனியாகத் தீர்த்துக்கொள்ளட்டும். உங்களுக்கு ஒரு விசாரணையில் கிடைத்த சர்வீஸ் ரெக்கார்டு, தினமும் வண்டி வாங்கி விற்கிறவருக்குக் கிடைக்காதா என்று நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே கேட்கலாம்.

மெக்கானிக்கைக் கூட்டிப்போனது ஒரு தடையா? 1930-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தில் 16-ஆவது பிரிவு, வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு விற்பவர் பொறுப்பில்லை என்கிறது. டயர் தேய்ந்திருக்கிறது, கிளட்ச் கனமாக இருக்கிறது என்பதெல்லாம் அதில் வரும். திருப்பிய டிஜிட்டல் மீட்டர் பானட்டைத் திறந்து பார்த்தால் தெரியுமா? தெரியாது. டெலிவரி நோட்டில் ‘உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன், பின்னால் எந்தப் புகாரும் சொல்ல மாட்டேன்’ என்று அச்சடித்திருப்பார்கள், அந்த வரி தேய்மானத்துக்குச் சரி, பொய் சொல்லி விற்றதற்குக் குடை பிடிக்காது.

இனி என்ன செய்வது என்று பார்ப்போம். முதலில், வண்டியை இப்போதைக்கு ஓட்டாதீர்கள். சரிபண்ணி ஊர் சுற்றிவிட்டு ஆறு மாதம் கழித்து ‘வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்’ என்று கேட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள். வேலைக்கு வண்டி இல்லாமல் முடியாது, ரிப்பேர் பார்த்தே ஆக வேண்டும் என்றால், பார்ப்பதற்கு முன் இன்னொரு மெக்கானிக்கிடம் எழுத்தில் ஒரு ரிப்போர்ட் வாங்கி, கழற்றிய கேஸ்கெட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். சர்வீஸ் சென்டரில் வாய்மொழியாகச் சொன்னதை வண்டி நம்பர், சேசிஸ் நம்பரோடு பிரின்ட் அவுட்டாகக் கேட்டு வாங்குங்கள், ஆர்.சி. புத்தகம் கையில் இருந்தால் கேட்பது சுலபம். கடைக்காரர் போட்ட விளம்பரம், வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ, ‘62 கே ஒன்லி’ என்ற மெசேஜ் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், போனையும் மாற்றிவிடாதீர்கள். மின்னணுச் சான்றுக்கு இப்போது, பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழ் கேட்பார்கள், வக்கீல் வைத்தால் அவரே தயாரித்துவிடுவார்.

பில் வாங்கினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பில் தராமல் விற்பதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறைதான், ஆனால் அதற்காகச் சந்தோஷப்பட முடியாது, கொடுத்த பணத்துக்கு வங்கிக் கணக்கு வழியாகவாவது தடயம் இருக்க வேண்டும்.

அப்புறம் டெலிவரி ஆனதற்கான அத்தாட்சியோடு ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ். என்ன சொல்லி விற்றார், என்ன இருந்தது, என்ன வேண்டும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி 15 நாள் அவகாசம் கொடுங்கள். வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர வேண்டும், முடியாவிட்டால் உண்மையான கிலோமீட்டருக்கு உரிய விலை வித்தியாசத்தையும் ரிப்பேர் செலவையும் தர வேண்டும் என்று இரண்டையும் கேளுங்கள். ஒன்றை மட்டும் கேட்டு அது கிடைக்காமல் போய்விடக் கூடாது. நோட்டீஸ் போனதும் பல கடைக்காரர்கள் பேச வருவார்கள். வந்தால் பேசுங்கள், ஆனால் ஒப்புக்கொண்டதை எழுதி வாங்குங்கள், பணம் வங்கிக்கு வரட்டும்.

வரவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம்தான், 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, உங்களுடையது அதற்குள் அடங்கிவிடுகிறது. வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் பதிந்து பார்ப்பதிலும் நஷ்டமில்லை. இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். எதிர்த் தரப்புக்கு ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்தில், பொருளைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதை நம்பிக் காலண்டரில் வட்டம் போடாதீர்கள், இழுக்கும். தோற்ற கடைக்காரர் அப்பீல் போக வேண்டுமானால் தீர்ப்பான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும், அந்த ஒரு விதி பல அப்பீல்களைத் தடுத்துவிடும் என்பது என் எண்ணம்.

கேள்வி: தெரிந்த புரோக்கர் மூலமாக ஒரு வாத்தியாரின் காரை வாங்கினேன். பத்தே நாளில் கியர் பாக்ஸ் போய்விட்டது. புரோக்கருக்கு என்னிடமும் கமிஷன், வாத்தியாரிடமும் கமிஷன். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: வாத்தியார் மேல் போக முடியாது. தன் சொந்தக் காரை விற்ற தனிமனிதர் வியாபாரி இல்லை, அவரோடு உங்களுக்கு இருப்பது சாதாரண ஒப்பந்தம், தகராறு சிவில் கோர்ட்டுக்குத்தான். தெரிந்தே ஏமாற்றினார் என்று ஆதாரம் இருந்தால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆவது பிரிவில் மோசடிப் புகார் கொடுக்கலாம், ஆனால் கியர் பாக்ஸ் போனதற்கெல்லாம் போலீஸில், ‘சிவில் மேட்டர் சார்’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

புரோக்கர் கதை அப்படி இல்லை. உங்களிடம் காசு வாங்கிக்கொண்டு சேவை செய்தவர் அவர். ‘நான் கேரண்டி, கண்ணை மூடிக்கிட்டு எடுங்க’ என்று மெசேஜில் சொல்லியிருந்தால், சேவைக் குறைபாடு என்று அவர் மேல் வழக்குப் போட இடமிருக்கிறது. கமிஷனை ஜிபே-யில் அனுப்பினீர்களா, கையில் கொடுத்தீர்களா? கையில் கொடுத்திருந்தால் கஷ்டம்தான்.

கேள்வி: என் பழைய காரை மதுரையில் ஒரு கன்சல்டிங்கில் கொடுத்துவிட்டேன். அவர்கள் யாருக்கோ விற்றுவிட்டார்கள். பேர் மாறவில்லை, ஓவர் ஸ்பீடு அபராதம் எல்லாம் இன்னும் என் போனுக்கு வருகிறது. விற்ற எனக்கு என்ன சம்பந்தம்?
- வாசகர், மேலூர்

பதில்: நிறைய சம்பந்தம். அபராதத்தை விடுங்கள், நாளைக்கு அந்த வண்டி யாரையாவது இடித்துவிட்டால் இழப்பீட்டு வழக்கில் முதல் பெயர் உங்களுடையதுதான். வண்டி கைமாறிக் கைமாறிப் போயிருந்தாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதற்காகவே 2023 ஏப்ரல் 1 முதல் புது விதி வந்திருக்கிறது. பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும், நீங்கள் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை 29சி படிவத்தில் ஆன்லைனில் தெரிவித்துவிட்டால் அன்றிலிருந்து பொறுப்பு அவருடையது. உங்களிடம் பேர் மாற்றுவதற்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன், அதுதான் இங்கே வழக்கம். கடைக்காரரிடம் யாருக்கு, எந்தத் தேதியில் விற்றார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, உங்கள் டெலிவரி நோட் நகலோடு ஆர்.டி.ஓ. ஆபீஸில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம், தாமதமாகிவிட்டது என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: கால் டாக்ஸி ஓட்டுவதற்காகப் பழைய கார் வாங்கினேன், பிரச்சினை. “நீ தொழிலுக்கு வாங்கினது, கன்ஸ்யூமர் கேஸ் நிக்காது” என்கிறார் டீலர்.
- வாசகர், வாடிப்பட்டி

பதில்: நிற்கும். சுயதொழிலாக, பிழைப்புக்காக வாங்கி நீங்களே ஓட்டினால் நீங்கள் நுகர்வோர்தான், சட்டத்திலேயே அப்படி விளக்கம் இருக்கிறது. ஐந்தாறு வண்டி வாங்கி டிரைவர் போட்டு ஓட்டினால் அவர் சொல்வது சரி.

கேள்வி: மார்க்கெட் விலையை விட 80 ஆயிரம் கம்மியாக ஒரு கார் வந்திருக்கிறது. தூத்துக்குடிப் பதிவு எண். எடுக்கலாமா?
- வாசகர், அலங்காநல்லூர்

பதில்: தூத்துக்குடி வண்டி எல்லாமே தண்ணீரில் நின்ற வண்டி இல்லை. ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்தது, அப்போது மூழ்கிய வண்டிகள் எங்கேயோ ஓடிக்கொண்டுதானே இருக்கும். முன் சீட் பெல்ட்டை முழுசாக, கடைசி வரை இழுத்துப் பாருங்கள், மற்ற இடத்தையெல்லாம் கழுவுகிறவர்கள் சுருளுக்குள் இருக்கும் பகுதியை விட்டுவிடுவார்கள், சேற்றுக் கறை அங்கே கோடாகத் தெரியும். சீட்டுக்கு அடியில் அது நகரும் கம்பித் தடத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் மண், ஹெட்லைட்டுக்குள் ஈரம் இவற்றையும் பார்த்துவிடுங்கள். கார்ப்பெட் மட்டும் புத்தம் புதுசாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் பழைய இன்ஷூரன்ஸ் பாலிசி நகலை வாங்கி, நோ கிளைம் போனஸ் (கிளைம் எடுக்காத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) திடீரென்று பூஜ்யமான வருஷம் எது என்று பாருங்கள். அது வெள்ளத்துக்கு அடுத்த 2024 ஆக இருந்தால் எதற்காக கிளைம் எடுத்தார்கள் என்று தெரிந்த பிறகுதான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். கடைசியாக ஒன்று, ‘வெள்ளத்தில் பாதிக்கப்படாத வண்டி, மீட்டர் கிலோமீட்டர் இவ்வளவு’ என்று பில்லிலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தரமாட்டேன் என்றால் அந்த 80 ஆயிரம் ஏன் குறைந்தது என்பதற்கு உங்களுக்கு அப்போதே பதில் கிடைத்துவிடும்.