சார்ட்டர் பள்ளி திறந்தால் பக்கத்துப் பள்ளி காலியாகுமா?

அரசுப் பணத்தில், ஆனால் தனி நிர்வாகத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளிகளால் மற்ற பள்ளிகளில் மாணவர் சேர்க்கை குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறையும். ஆனால் எத்தனை பேர் போகிறார்கள் என்பதைவிட எப்படிப் போகிறார்கள் என்பதுதான் தலைவலி.

அமெரிக்காவின் பிலடெல்பியாவைப் பாருங்கள். சார்ட்டர் பள்ளிகள் அங்கே தனி நிர்வாகத்தில், கட்டணமின்றி நடக்கின்றன. சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நகரப் பள்ளி நிர்வாகமே பணம் கட்ட வேண்டும். பழைய பள்ளியிலிருந்து மூன்றாம் வகுப்பில் இருவர், ஐந்தாம் வகுப்பில் மூவர் என்று உதிர்ந்தால் ஆசிரியரைக் குறைக்க முடியாது; குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்கும் செலவும் அப்படியே நிற்கும். 2013இல் அந்நகரம் 20க்கும் மேற்பட்ட பள்ளிகளை மூடியது. (பழி முழுவதையும் சார்ட்டர் மேல் போடுவது நியாயமல்ல, குடும்பங்கள் இடம்பெயர்ந்ததும் ஒரு காரணம்.)

கத்தோலிக்கப் பள்ளிகளும் அடி வாங்கின. சீருடையும் கண்டிப்பும் சார்ட்டரில் இலவசமாகவே கிடைக்கும்போது பெற்றோர் எதற்குக் கட்டணம் கட்டுவார்கள்?