மூக்கைப் பழக்க முடியுமா?

கேள்வி: உயர்தரம் உயிரியல் பிரிவில் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். வாசனைத் திரவியம் உருவாக்குபவராக வர ஆசை. "மூக்கை வைத்துப் பிழைக்கப் போகிறாளாம்" என்று அம்மா ஏசுகிறார். என் மூக்கும் அப்படியொன்றும் விசேஷமானதில்லை. கொழும்பில் இருந்துகொண்டு இது நடக்குமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: தங்கச்சி, சாதாரண மூக்கே போதும். ஞாபகம்தான் கூர்மையாக இருக்க வேண்டும். இன்று முகர்ந்ததை ஆறு மாதம் கழித்தும் பெயர் சொல்லி அடையாளம் காண வேண்டும். அது பழகப் பழக வருவது.

நான் பெரிதும் மதிக்கும் வாசனைத் திரவியக் கலைஞர் ழான்-குளோட் எலேனாவைப் பாருங்கள். வாசனைத் தொழிலுக்குப் பேர்போன பிரான்சின் கிராஸ் ஊரில் 1947இல் பிறந்தவர். அப்பாவுக்கும் அதே தொழில். ஆனாலும் பதின்ம வயதில் தொழிற்சாலையில் சாதாரண வேலையாளாகத்தான் தொடங்கினார். 1968இல் ஜெனீவாவுக்குப் படிக்கப் போனார். 1976இல் வந்த 'ஃபர்ஸ்ட்' என்ற வாசனைத் திரவியம் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. 2004இல் ஹெர்மேஸ் என்ற பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் நிறுவனம் அவரைத் தனக்கென்றே எடுத்துக்கொண்டது.

நைல் நதியை நினைவூட்டும் ஒரு வாசனையைத் தேடி அவர் எகிப்தின் அஸ்வானுக்குப் போனார். அங்கே அவருக்குப் பிடிபட்டது, மரத்தில் தொங்கிய பச்சை மாங்காய்! 2005இல் வெளிவந்த அந்த வாசனைக்கு உயிரே அதுதான். காம்பை ஒடித்ததும் பால் வடியும்போது எழும் அந்த வாசம் நமக்குத் தெரியாததா? கேரளத்து மழையை வைத்து 2008இல் இன்னொன்று செய்தார். அவருடைய 'டெர் தெர்மேஸ்' வாசனையில் வெட்டிவேர் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் அந்த வேருக்குச் சொல்லும் பெயரே தமிழிலிருந்து போனதுதான். இதை எழுதும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? புறக்கோட்டை கபோஸ் லேன் மருந்துச் சரக்குக் கடைகளுக்கு ஒரு காலைப் பொழுதில் போங்கள். வெட்டிவேர், வசம்பு, சாதிக்காய், கராம்பு எல்லாவற்றிலும் கொஞ்சம் வாங்குங்கள். கறுவாப்பட்டை எண்ணெயும் கறுவா இலை எண்ணெயும் கிடைத்தால் விடாதீர்கள். ஒரே மரம்தான். ஆனால் பட்டையில் சினமல்டிஹைட் என்ற இரசாயனப் பொருள், அதனால் நமக்குப் பழகிய கறுவா வாசம். இலையிலோ யூஜினோல் என்ற வேறொரு பொருள் மிகுதி. கராம்பில் இருப்பதும் அதுவே. கண்ணை மூடிக்கொண்டு இலை எண்ணெயை முகர்ந்தால் கராம்பு என்றே சொல்வீர்கள்.

ஒற்றுத்தாளை மெல்லிய துண்டுகளாக வெட்டி, நுனியை மட்டும் தோய்த்து, பெயரையும் நேரத்தையும் எழுதுங்கள். உடனே ஒரு தடவை, அரை மணி கழித்து ஒரு தடவை, மறுநாள் காலை ஒரு தடவை முகருங்கள். தேசிக்காய் எண்ணெய் அதற்குள் ஓடிப்போயிருக்கும். வெட்டிவேர் அப்படியே நிற்கும். ஒவ்வொன்றுக்கும் உங்கள் சொந்தச் சொல்லில் கொப்பியில் இரண்டு வரி எழுதுங்கள். "நல்ல மணம்" என்று மட்டும் எழுதாதீர்கள். அப்புறம், எந்த எண்ணெயையும் அப்படியே தோலில் பூச வேண்டாம். கறுவாப்பட்டை எண்ணெய் பொல்லாதது, எரிந்து தடித்துவிடும்.

அம்மா பயப்படுவதில் நியாயமிருக்கிறது. பிரான்சின் வெர்சாய் நகரில் 1970இல் தொடங்கிய இசிப்கா போன்ற வாசனைத் தொழில் கல்லூரிகளுக்குப் பெருஞ்செலவாகும். ஆகவே முதலில் இரசாயனவியல் படியுங்கள். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் இராஜகிரியவில் இலங்கை இரசாயனவியல் நிறுவகம் இருக்கிறது. வாசனைத் தொழில் என்றாலே கண்ணாடிப் போத்தல்தான் என்றும் நினைக்காதீர்கள். சவர்க்காரம், ஷாம்பூ, சலவைத்தூள் எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து வாசனை அமைக்கத்தான் வேண்டும். இரசாயனம் கையில் இருந்தால் அந்தக் கதவுகளையாவது தட்டலாம்.

இன்றிரவு சமையல் முடிந்ததும் அம்மாவிடம் இரண்டு ஒற்றுத்தாள் துண்டுகளைக் கொடுங்கள். எது கறுவாப்பட்டை, எது இலை என்று அவரையே கேளுங்கள்.