கேலரி குடுத்த 5% கமிஷனை கிளையன்ட்கிட்ட சொல்லலைன்னா?

கேள்வி: சென்னையில ஆர்ட் அட்வைசரா இருக்கேன். போட் கிளப் ஏரியா தொழிலதிபர் ஒருத்தருக்காக சோழமண்டல் ஓவியர் ஒருத்தரோட கேன்வாஸை கேலரியில 30 லட்சத்துக்கு பேசி முடிச்சேன். எனக்கு 10% கமிஷன் தரேன்னு தொழிலதிபர் வாட்ஸ்அப்ல சொன்னார், இன்னும் தரல. நான் காட்டின இன்னொரு படத்தை என்னைத் தாண்டி ஓவியர் குடும்பத்துகிட்ட நேரா வாங்கிட்டார். முதல் படம் ஃப்ரேம் வேலைக்காக என்கிட்டதான் இருக்கு, பணம் வர்ற வரைக்கும் வச்சுக்கலாமா? (கேலரி எனக்கு தனியா 5% குடுத்தாங்க, அது இந்த ஃபீல்டுல சகஜம்.)

பதில்: கடைசியில பிராக்கெட்ல போட்டீங்களே சார், சிக்கலே அதுலதான் இருக்கு. 10% பேசினதால நீங்க அவரோட ஏஜென்ட், 1872 ஒப்பந்தச் சட்டம் 220வது பிரிவு என்ன சொல்லுதுன்னா ஏஜென்ட் எந்த வேலையில முறைகேடு பண்ணாரோ அந்த வேலைக்கு அவருக்கு ஊதியம் கிடையாது. அந்த 5%-ஐ கிளையன்ட்டுக்குத் தெரியாம வாங்கியிருந்தா உங்க 3 லட்சமே ஆட்டம் காணும், அதோட எதிர் வக்கீல் அதே சட்டத்துல 213ஐ காட்டி கணக்கு கேட்டு 216ஐ காட்டி கேலரி குடுத்த 1.5 லட்சமும் எங்களுக்குத்தான்னு கிளம்பிடுவார். சகஜம்னா கிளையன்ட்கிட்டயும் சகஜமா சொல்லியிருக்கலாமே!

சுவிஸ் ஆர்ட் டீலர் பூவியே, டா வின்சி வரைஞ்சதா சொல்ற சால்வடோர் முண்டி ஓவியத்தை 80 மில்லியன் டாலருக்கு மேல குடுத்து வாங்கி 127.5 மில்லியனுக்கு ரஷ்யக் கோடீஸ்வரர் ரிபோலோவ்லெவ்க்கு குடுத்து, அது பெரிய வழக்காகி, நான் ஏஜென்டே இல்ல, விக்கறவன்னு நின்னாரு, 2023 டிசம்பர்லதான் ராஜியாச்சு. வாங்கறவர்கிட்டயே பர்சன்டேஜ் பேசின நீங்க அப்படி சொல்ல முடியாது.

அதனால நோட்டீஸ் விடறதுக்கு முன்னாடி நீங்களே மெயில்ல 5% விஷயத்தைச் சொல்லி, அதை கழிச்சுக்கிட்டு பாக்கி 1.5 லட்சம் குடுங்கன்னு எழுதுங்க. ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி டிராஃப்ட்டை உங்க வக்கீல்கிட்ட காட்டிடுங்க, நீங்க எழுதறது நாளைக்கு உங்களுக்கு எதிரா ஆதாரமாவும் வரும்.

படத்தை வச்சுக்கலாம், ஒப்பந்தச் சட்டம் 221 அந்த உரிமை குடுக்குது, ஆனா கமிஷன் உரிமை நிலைச்சாதான், அதுவும் அந்தப் படத்துக்கான பாக்கிக்கு மட்டும், ரெண்டாவது படத்து கணக்கை இதோட சேக்க முடியாது. வித்துடுவேன்னு மட்டும் மெரட்டாதீங்க, நம்பிக்கை மோசடின்னு பிஎன்எஸ் (குற்றங்களுக்கான பாரதிய நியாய சன்ஹிதா சட்டம்) 316ல கம்ப்ளெயின்ட் போகும். நம்ம ஊர் ஈரக்காத்துல கேன்வாஸ்ல பூஞ்சை பிடிச்சா அதுக்கும் உங்க சட்டையைத்தான் பிடிப்பாங்க, ஏசி ரூம்ல வச்சு தேதியோட போட்டோ எடுத்துக்கோங்க.

ரெண்டாவது படத்துக்கு, "நீங்க காட்டற எது வாங்கினாலும்"ங்கற மாதிரி ஒரு வரி சாட்ல இருந்தா கமிஷனே கேக்கலாம். இல்லைன்னா ஒப்பந்தச் சட்டம் பிரிவு 70, இலவசமா செய்யாத வேலையோட பலனை அவர் அனுபவிச்சார்னு நியாயமான தொகை. அந்தக் குடும்பத்தை அறிமுகப்படுத்தின மெசேஜ், படம் யார் யார் கை மாறி வந்ததுன்னு நீங்க தேடின பேப்பர், படம் என்ன நிலைமையில இருக்குன்னு சொல்ற கண்டிஷன் ரிப்போர்ட் எல்லாம் இதுக்குத்தான் வேணும்.

சாட்டை அழிக்காதீங்க, போனையும் மாத்தாதீங்க, பாரதிய சாக்ஷ்ய சட்டம் (சாட்சியச் சட்டம்) 63வது பிரிவு கேக்கற மின்னணு ஆதார சர்டிபிகேட் இல்லாம வெறும் ஸ்கிரீன்ஷாட்டை நீட்டினா எதிர்தரப்பு உடனே ஆட்சேபிக்கும். கேஸ் போட பொதுவா 3 வருஷம் டைம் இருக்கு.