கணினி ஆன் ஆனதும் சில நிமிடம் திணறுவது ஏன்?

பெரும்பாலும் காரணம் 'ஸ்டார்ட்அப் ஆப்'கள்: நாம் கேட்காமலே, விண்டோஸ் எழும்போதே தாமாகத் திறந்துகொள்ளும் மென்பொருள்கள். பழைய ஹார்டு டிஸ்க்கில் சுழலும் தட்டைப் படிக்கும் முனை ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் நிற்கும். பத்து மென்பொருள் சேர்ந்து கேட்டால் அங்குமிங்கும் ஓடியே நேரம் போய்விடும். நெல்லை டவுனில் சாயங்காலம் அல்வாக் கடை திறந்ததும் அத்தனை கையும் நீளுமே, பொட்டலம் கட்டுகிறவர் ஒருவர்தான், அதே கதை. நீங்கள் திறந்த பிரவுசர் கூட்டத்தின் கடைசியில் நிற்கிறது.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். விண்டோஸ் 10-இல் சின்னதாகத் திறந்தால் கீழே 'மோர் டீடெயில்ஸ்' அழுத்துங்கள். 'ஸ்டார்ட்அப்' பகுதியில் 'ஹை' (தொடக்கத்தில் அதிகச் சுமை) என்று காட்டுவதை வலது கிளிக் செய்து 'டிஸேபிள்' கொடுங்கள். சாட், மீட்டிங், விளையாட்டுச் செயலிகளைத் தாராளமாக நிறுத்தலாம். வைரஸ் தடுப்பு, ஆடியோ, டச்பேட் பக்கம் போக வேண்டாம். தமிழ்த் தட்டச்சு மென்பொருளையும் விட்டுவையுங்கள். அதை நிறுத்திவிட்டு 'தமிழ் அடிக்க வரலையே' என்று திண்டாடுகிறவர்கள் உண்டு.

இவ்வளவு செய்தும் மந்தமென்றால் ஹார்டு டிஸ்க்கை எஸ்எஸ்டியாக (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) மாற்றுவது நல்ல வழி.

'டிஸேபிள்' செய்தால் மென்பொருள் அழிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள்; அழியாது, நீங்கள் திறக்கும்போது வழக்கம்போல வேலை செய்யும்.